மிதித்தவர்கள் காத்த விசுவாசம்

விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் ஆகிய மூன்றையும் தெய்வீகப் புண்ணியங்கள் என்று வகுக்கும் கத்தோலிக்க மரபு, இவை மனித முயற்சியால் மட்டும் வளர்த்துக்கொள்ள முடியாதவை, கடவுளின் அருளால் வருபவை என்று கற்பிக்கிறது. இவற்றுள் நடுவில் நிற்கும் நம்பிக்கைக்கு 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளரான தாமஸ் அக்குவினாஸ் தந்த இலக்கணம் சற்றுக் கறாரானது: நம்பப்படும் பொருள் நன்மையாக இருக்க வேண்டும், இன்னும் வராததாக இருக்க வேண்டும், எளிதில் கிட்டாததாக இருக்க வேண்டும், ஆயினும் கிட்டக்கூடியதாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் சிக்கலானது. இது ஒருபோதும் கிட்டாது என்று அரசும் சட்டமும் அன்றாட நடப்பும் ஒருசேரச் சொல்லும்போது ஒருவர் எதைப் பற்றிக்கொண்டு நம்புவார் என்ற கேள்விக்கு, கடவுளின் துணையால் கிட்டும் என்பதே அக்குவினாஸின் விடை. ஆனால் அந்த விடையை நூலில் படித்து ஒப்புக்கொள்வது ஒன்று, உழவும் மீன்பிடிப்பும் தவிர வேறொன்றும் அறியாத குடும்பங்கள் அதை ஏழு தலைமுறை வைத்து வாழ்வது வேறொன்று.

ஜப்பானின் மேற்குக் கோடியிலுள்ள நாகசாகிப் பகுதியில் அப்படியொரு வாழ்க்கை நடந்தது. அந்நாட்டில் மறைந்து திரிந்த கடைசிக் கத்தோலிக்கக் குருக்களில் ஒருவரான கொனிஷி மான்ஷோ 1644இல் கொல்லப்பட்டதிலிருந்து 1865 வரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக, அங்கிருந்த கிறிஸ்தவர்களுக்குக் குருவும் இல்லை, கோவிலும் இல்லை, உரோமையோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. 1708இல் யாகுஷிமா தீவில் இரகசியமாக இறங்கிய சிதோத்தி என்ற இத்தாலியக் குருவும் உடனே பிடிபட்டு, நாகசாகியின் கிறிஸ்தவர் ஒருவரையும் சந்திக்காமலே தலைநகர் எதோவில் சிறையிருந்து 1714இல் இறந்தார். அதற்குப் பின்னும் அந்தச் சமூகம் அழியாமல் நின்றது உலகச் சமய வரலாற்றில் மிக அரிதான செய்தி. இதை வியப்போடு எழுதும் நூல்கள் பெரும்பாலும் வேதசாட்சிகளை, அதாவது விசுவாசத்துக்காக உயிர் துறந்தவர்களை, முன்னிறுத்துகின்றன. ஆயினும் உயிர் துறந்தவர்கள் தங்கள் மந்திரங்களைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இருக்கவில்லை. அந்த வேலையைச் செய்தவர்கள், ஆண்டுதோறும் அதிகாரிகளின் முன்னிலையில் கிறிஸ்துவின் உருவத்தைக் காலால் மிதித்துவிட்டு வீடு திரும்பியவர்கள். வரலாற்றின் இந்தப் பகுதிதான், நம்பிக்கை என்பதைப் பற்றி அதிகம் கற்பிப்பதாகத் தோன்றுகிறது.

ஜப்பானில் கிறிஸ்தவம் கால்வைத்தது 1549 ஆகஸ்ட் 15ஆம் நாள், சேசு சபைக் குருவான பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாத் துறையில் இறங்கியபோது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர் அவர் முத்துக்குளித்துறையின் பரதவ ஊர்களில் பணியைத் தொடங்கியவர் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. கடற்கரை நெடுகப் பரந்து கிடந்த ஊர்களை ஒற்றைக் குருவால் பேண முடியாது என்று கண்ட அவர், மந்திரங்களைத் தமிழ் அறிந்தவர்களின் துணையோடு தமிழில் ஆக்கி, மனப்பாடமாகும் வரை சொல்லிக்கொடுத்து, ஒவ்வோர் ஊரிலும் செபம் நடத்தவும் ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கவும் கணக்கப்பிள்ளை என்ற பெயரில் ஒருவரை அமர்த்தினார். குரு இல்லாத நாட்களில் ஊர் தன் சமயத்தைத் தானே நடத்திக்கொள்ளும் இத்தகைய ஏற்பாடு சவேரியாருக்குப் பின் ஜப்பானுக்கு வந்த சேசு சபையினருக்கும் தேவைப்பட்டது. அங்கும் உபதேசியார்களும் பொதுநிலையினரின் பக்த சபைகளுமே ஊர்களைத் தாங்கினார்கள். பிற்காலத்தில் நேரவிருந்த அழிவுக்கு இது ஒரு முன்தயாரிப்பு என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

வளர்ச்சி விரைவாகவே இருந்தது. கியூஷு தீவின் சிற்றரசர்கள் சிலர் விசுவாசத்தினாலும் சிலர் போர்த்துக்கீசிய வணிகத்தின் ஆசையினாலும் ஞானஸ்நானம் பெற, குடிகள் பின்தொடர்ந்தனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடெங்கும் சுமார் 3 இலட்சம் கிறிஸ்தவர்கள் இருந்திருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. எதிர்ப்பும் உடன் வளர்ந்தது. 1587இல் அப்போதைய ஆட்சியாளர் டொயோட்டோமி ஹிதெயோஷி வேதபோதகர்களை வெளியேற ஆணையிட்டார். 1597 பிப்ரவரி 5ஆம் நாள் நாகசாகியின் நிஷிசாகாக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் ஒருவரான கொன்சாலோ கார்சியா, இந்தியத் தாய்க்கும் போர்த்துக்கீசியத் தந்தைக்கும் மும்பைக்கு அருகிலுள்ள வசையில் பிறந்தவர். 1614இல், ஹிதெயோஷிக்குப் பின் ஆட்சிக்கு வந்த தோகுகாவா அரசு நாடு முழுவதற்குமான தடையை அறிவித்தது. 1637ஆம் ஆண்டின் இறுதியில் வரிக்கொடுமையும் வேதகலாபனை எனப்படும் சமயத் துன்புறுத்தலும் சேர்ந்து மூட்டிய ஷிமாபாராக் கிளர்ச்சி அடுத்த ஆண்டு ஹாரா கோட்டையில் நசுக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 37,000 பேர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. 1639இல் போர்த்துக்கீசியக் கப்பல்களுக்கு நாட்டின் துறைகள் மூடப்பட்டன.

அதன்பின் வந்த ஒடுக்குமுறை, வாள்முனையைவிட எழுதுகோலைத்தான் அதிகம் நம்பியது. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனுமொரு பௌத்த விகாரையில் பெயர் பதிந்து, தான் கிறிஸ்தவக் குடும்பமன்று என்ற சான்றை அந்த விகாரையிடம் பெற வேண்டும். சாவுச் சடங்குகளை அந்த விகாரையின் பிக்குவே நடத்த வேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழுவாகப் பிணைக்கப்பட்டு, ஒரு வீட்டின் குற்றத்துக்கு மற்ற நான்கும் பொறுப்பாக்கப்பட்டன. குருவைக் காட்டிக்கொடுப்பவருக்கு 500 வெள்ளிக்காசு, கிறிஸ்தவத்துக்குத் திரும்பியவரைக் காட்டிக்கொடுப்பவருக்கு 300 வெள்ளிக்காசு என்று விலை குறித்த அறிவிப்புப் பலகைகள் தெருமுனைகளில் நின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, நாகசாகியிலும் சுற்றுப்பகுதிகள் பலவற்றிலும் ஆண்டுத் தொடக்கத்தில் ஃபுமியே என்ற மிதிப்புச் சடங்கு நடந்தது. கிறிஸ்துவின் உருவமோ மாதாவின் உருவமோ பதித்த பலகையை ஊரார் ஒவ்வொருவராக வந்து வெறுங்காலால் மிதிக்க வேண்டும், தயங்குகிறவர் மாட்டிக்கொள்வார். தொடக்கத்தில் பயன்பட்ட பழைய படங்கள் தேய்ந்துபோனதால் 1669இல் 20 பித்தளைப் பலகைகள் புதிதாக வார்க்கப்பட்டன என்பதிலிருந்து, எத்தனை கால்கள் அவற்றின்மேல் ஏறியிறங்கியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இந்த நிலைமை ஒரு கத்தோலிக்கருக்கு எந்த வகையில் வழியற்றது என்பதைப் புரிந்துகொள்ள, அச்சமயத்தின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும். கடவுளின் அருள் தேவதிரவிய அனுமானங்கள் எனப்படும் ஏழு திருச்சடங்குகளின் வழியே மனிதரை அடைகிறது என்பது அதன் போதனை. அவற்றுள் ஞானஸ்நானத்தை மட்டும் ஆபத்துக் காலத்தில் யாரும் கொடுக்கலாம். நற்கருணைக்குக் குரு வேண்டும். செய்த பாவத்தை வாய்விட்டுச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கும் குரு வேண்டும். விசுவாசத்தை வெளிப்படையாக மறுதலிப்பது சாவான பாவங்களுள் ஒன்று. மன்னிப்புப் பெறாமல் அந்நிலையில் இறப்பவருக்கு மோட்சம் இல்லை. ஆக, மிதிக்க மறுத்தால் ஊரோடு சாவு, மிதித்தால் பாவம், பாவத்தைத் தீர்க்கக் குரு இல்லை, அடுத்த ஆண்டு மறுபடியும் அதே பலகை. இந்த வட்டத்துக்குள் அகப்பட்ட மனிதர் இரண்டு தலைமுறைக்குள் மனம் வெறுத்து எல்லாவற்றையும் கைவிட்டிருக்க வேண்டும் என்றுதான் அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். சாவைவிட வெட்கம் வலிமையான ஆயுதம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 1633இல் தலைகீழாகக் குழியில் தொங்கவிடப்பட்டு மறுதலித்த சேசு சபைத் தலைவர் கிறிஸ்தோவாவோ ஃபெரெய்ராவைக் கொல்லாமல் உயிரோடு வைத்து, பிடிபட்ட பிற குருக்களின் விசாரணையிலேயே பயன்படுத்தியது அந்தக் கணக்கில்தான். ஷூசாகு எண்டோ 1966இல் வெளியிட்ட ‘மௌனம்’ நாவலின் பின்புலமும் அதுவே.

வட்டத்தை உடைத்தது ஒரு சிறு நூல். தடை வருவதற்குப் பதினோராண்டு முன்பு, 1603இல், ஆயர் லூயிஸ் செர்கெய்ராவின் காலத்தில் ஜப்பானிய மொழியில் அச்சான அதற்குக் ‘கொன்ச்சிரிசான் நோ ரியாக்கு’ என்று பெயர். கொன்ச்சிரிசான் எனப்படுவது, தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாக உத்தம மனஸ்தாபம் என்று சொல்லிவருவதுதான்: நரகத்துக்கு அஞ்சி வருந்துவது கீழ்த்தரமான மனஸ்தாபம், நேசத்துக்குரிய கடவுளை நோகச் செய்துவிட்டோமே என்று வருந்துவது உத்தமமான மனஸ்தாபம். பின்னதைக் கொண்டவர், வாய்ப்புக் கிடைக்கும்போது குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதாக மனத்தில் உறுதி செய்திருந்தால், குரு இல்லாத இடத்திலும் அவருடைய பாவம் மன்னிக்கப்படுகிறது என்பது திரெந்து பொதுச்சங்கம் 1551இல் உறுதிப்படுத்திய போதனை. ஐரோப்பாவில் கடலில் மூழ்குபவருக்கும் போர்க்களத்தில் சாகிறவருக்கும் உரிய விதிவிலக்காகவே பெரும்பாலும் கருதப்பட்ட இந்தப் போதனை, ஜப்பானில் ஒரு சமூகத்தின் அன்றாட நெறியாகிவிட்டது. நூலின் அச்சுப் பிரதிகள் அழிந்தன. மக்கள் கையால் படியெடுத்துப் படியெடுத்துக் காத்த பிரதிகள் தப்பின. மிதிப்புச் சடங்கு முடிந்து வீடு திரும்பியவர்கள் கதவை அடைத்துக்கொண்டு இந்த மனஸ்தாப மந்திரத்தைச் சொன்னார்கள் என்று மரபு கூறுகிறது.

இதன் பயன் ஆறுதலோடு நின்றுவிடவில்லை. உத்தம மனஸ்தாபத்துக்குள்ளேயே ஒரு வாக்குறுதி பொதிந்திருக்கிறது: என்றாவது குரு வரும்போது அவரிடம் சொல்வேன் என்ற உறுதி இல்லாமல் அது முழுமை பெறாது. ஆகவே ஒவ்வொரு முறை மன்னிப்புக் கேட்கும்போதும் வராத குருவின் வருகையை அவர்கள் மறுபடியும் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அவர்களை அடக்க ஏற்பட்ட சடங்கே அந்த எதிர்பார்ப்பை ஆண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொடுத்தது. அதிகாரிகளின் கணக்கில் வராத விளைவு இது.

எதிர்பார்ப்புக்குக் கெடு வைத்தவர் பஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார். செபஸ்தியான் என்ற பெயரின் மரூஉவான இப்பெயரைத் தவிர அவரைப் பற்றிய உறுதியான செய்திகள் குறைவு. நாகசாகிப் பகுதியின் சொதோமேக் கடற்கரையில் மறைந்து வாழ்ந்து போதித்து, பிடிபட்டு, நாகசாகிச் சிறையில் வதைபட்டுத் தலை வெட்டப்பட்டார் என்று அப்பகுதி மரபு சொல்கிறது. அவர் விட்டுச்சென்றதாகக் கருதப்படும் முன்னுரைப்பில் நான்கு செய்திகள் உண்டு. ஏழு தலைமுறை வரை உங்கள் மக்களை என் பிள்ளைகளாக எண்ணுவேன் என்பது முதலாவது. அதன்பின் பெரிய கருங்கப்பலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் வருவார்கள், வாரந்தோறும் கூடப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்பது இரண்டாவது. கிறிஸ்தவப் பாடல்களை எங்கும் உரக்கப் பாடிக்கொண்டு நடக்கலாம் என்பது மூன்றாவது. வழியில் எதிர்ப்படும் பிற சமயத்தார் உங்களுக்கு ஒதுங்கி வழிவிடுவார்கள் என்பது நான்காவது. கடைசிச் செய்தியில் தெரியும் அடிபட்டவரின் ஏக்கம் மனிதருக்கு இயல்பானதுதான். கவனிக்க வேண்டியது இரண்டாவது. செல்வமோ ஆட்சியோ பழிவாங்கலோ அங்கே கேட்கப்படவில்லை. மிதித்ததைச் சொல்லித் தீர்க்க ஒருவர் வர வேண்டும் என்பதே கேட்கப்பட்டது.

ஏழு தலைமுறை என்ற கெடுவின் நுட்பத்தையும் எண்ணிப் பார்க்கலாம். நாளையே விடுதலை என்று சொல்லியிருந்தால் மறுநாளே ஏமாற்றம் வந்திருக்கும். என்றோ ஒருநாள் என்று மட்டும் சொல்லியிருந்தால் யாருக்கும் கடமை இருந்திருக்காது. தன் வாழ்நாளில் நடக்காது என்று தெரிந்தும், தான் ஒரு படி என்று எண்ணிக் கைமாற்றிக் கொடுக்க வேண்டிய பொறுப்பை அந்த எண் ஒவ்வொரு தலைமுறைக்கும் தந்தது.

பொறுப்பு ஆட்களிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. நாகசாகிக்கு வடக்கேயுள்ள உரகாமியில் நாட்காட்டியைக் காத்துத் திருநாட்களைக் கணிக்கும் தலைவர் ஒருவர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர், இவர்கள் சொல்வதை வீடுவீடாகச் சென்று அறிவிக்கும் தூதர் ஒருவர் என மூன்று பதவிகள் இருந்தன. இடத்துக்கு இடம் பெயர்கள் மாறினாலும் அமைப்பு ஒன்றுதான். நாட்காட்டி பஸ்தியானின் பெயரால் வழங்கியது. 1634ஆம் ஆண்டின் திருநாட்களை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பியக் கணக்கிலுள்ள திருநாட்களை ஆண்டுதோறும் ஜப்பானியச் சந்திர மாதங்களுக்கு மாற்றி, எந்த நாளில் வேலை செய்யலாகாது, எந்த நாளில் ஊசி நூல் தொடக்கூடாது, எப்போது இறைச்சி விலக்க வேண்டும் என்று சொல்வது தலைவரின் வேலை. விகாரையின் பிக்கு வந்து சாவுச் சடங்கு நடத்தும்போது, பக்கத்து அறையில் சிலர் இருந்து அந்த ஓதலைச் செல்லாததாக்கும் மந்திரத்தைச் சொல்வதும் வழக்கம். ஒராஷியோ எனப்பட்ட மந்திரங்கள் இலத்தீனும் போர்த்துக்கீசியமும் ஜப்பானியமும் கலந்தவை; பொருள் மறந்த பின்னும் ஒலி மறக்கவில்லை. இகிட்சுகித் தீவில் பாடப்பட்டுவந்த ஒரு பாடலின் மூலத்தை இசை ஆய்வாளர் தத்சுஓ மினாகாவா 20ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் 16ஆம் நூற்றாண்டு இசைநூல் ஒன்றில் கண்டுபிடித்தார்.

எல்லாமே பழுதின்றி வந்தன என்று சொல்வது மிகை. குழந்தையை ஏந்திய கன்னோன் உருவத்தை மாதாவாக எண்ணி வணங்கினார்கள். கன்னோன் என்பது வீரசோழியத்தின் வழியாகத் தமிழர் அறிந்த அவலோகிதரின் கிழக்காசிய வடிவம். வாய்மொழியாக வந்து பின் ஏட்டில் எழுதப்பட்ட ‘வானும் மண்ணும் தொடங்கிய கதை’ என்ற அவர்களுடைய வேத வரலாற்றில் போஞ்சியு பிலாத்து இரண்டு தனி மனிதர்களாகப் பிரிந்துவிட்டார். மறைந்து வாழ்ந்தவர்கள் முன்னோர் வழிபாட்டையும் ஊர்த் தெய்வங்களையும் வெளிவேடமாக மட்டும் ஏற்றார்களா, உண்மையாகவே இரண்டையும் சேர்த்துக்கொண்டார்களா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே முடிந்தபாடில்லை. இரண்டும் நடந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. இந்தக் கலப்பே சிலவேளை உயிரைக் காப்பாற்றியது. 1657இல் ஓமுராப் பகுதியில் 600க்கும் மேற்பட்டோர் பிடிபட்டபோது 400 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். 1805இல் அமாகுசாவின் நான்கு ஊர்களில் 5,000 பேருக்கு மேல் வெளிப்பட்டபோது, இது கிறிஸ்தவமன்று, பிழையான பழக்கம் என்று அதிகாரிகள் முடிவெழுதி, பலகையை மிதிக்கவைத்து விட்டுவிட்டார்கள். அத்தனை பேரைத் தண்டித்தால் வரி கட்ட ஆளிருக்காது என்பதும் அந்தக் கருணைக்குள் ஒளிந்திருந்திருக்கலாம்.

1858இன் வணிக உடன்படிக்கைகள் அயல்நாட்டவர்கள் தங்கள் குடியிருப்பில் வழிபட இடமளித்தன. பாரிஸ் அயல்நாட்டு வேதபோதக சபை, அதாவது புதுச்சேரிக்கும் நெடுங்காலம் குருக்களை அனுப்பிய அதே சபை, நாகசாகியின் ஓவுராவில் பிரெஞ்சுக்காரருக்காகக் கட்டிய கோவில் 1865 பிப்ரவரியில் திறக்கப்பட்டு, நிஷிசாகாவில் இறந்த 26 பேருக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நகரத்தார் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மார்ச் 17ஆம் நாள் நண்பகலையொட்டி, பதினைந்து பேரளவில் உரகாமி ஊரார் வாசலில் நிற்பதைக் கண்ட குரு பெர்னார் பெத்திஜான் கதவைத் திறந்து உள்ளே சென்று மண்டியிட்டபோது, ஒரு பெண் அருகில் வந்து தங்கள் எல்லோருடைய நெஞ்சமும் அவருடைய நெஞ்சமும் ஒன்றே என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மரியாளின் உருவம் எங்கே என்று கேட்டார். பெத்திஜானின் கடிதங்களால் உலகறிந்த இச்சந்திப்பில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. தாங்கள் இப்போது துயரக் காலத்தின் 17ஆம் நாளில் இருப்பதாக அந்த ஊரார் கூறினார்கள். அவ்வாண்டில் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் மார்ச் 1ஆம் நாள் வந்தது. கணக்கு ஒருநாள்கூடப் பிசகவில்லை. பின்னர் வந்த வேறு ஊர்களின் பிரதிநிதிகள் உரோமையின் பெரிய குருவைப் பற்றியும், வந்திருக்கும் குருக்கள் மணமாகாதவர்களா என்பதையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். காத்திருந்தவர்கள் ஏமாளிகளாக இருக்கவில்லை. வருகிறவரைச் சோதிக்க வேண்டிய அடையாளங்களையும் சேர்த்தே கைமாற்றியிருந்தார்கள்.

முன்னுரைப்பு நிறைவேறிவிட்டது என்று இங்கே நிறுத்தும் நூல்கள் உண்டு. உண்மையில் மிகக் கொடிய வேதகலாபனைகளில் ஒன்று இதற்குப் பின்னரே வந்தது. குரு கிடைத்த துணிவில் உரகாமியார் விகாரைப் பிக்குவை அழைக்காமல் தங்கள் பிணங்களைத் தாங்களே அடக்கம் செய்யத் தொடங்க, 1867 ஜூலையில் கைதுகள் நடந்தன. அடுத்த ஆண்டு ஆட்சிக்கு வந்த மெய்ஜி அரசும் தடையை நீக்காமல், ஊரையே பெயர்த்து ஏறத்தாழ 3,400 பேரை நாட்டின் இருபது பகுதிகளுக்குப் பகிர்ந்து நாடுகடத்தியது. பட்டினி, குளிர்காலத்தில் உறைந்த குளத்தில் இறக்குதல், நிற்கவும் படுக்கவும் முடியாத கூண்டு என்று சில இடங்களில் வதைத்தார்கள். 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலைநாடுகளின் கண்டனம் வலுத்ததால் 1873 பிப்ரவரியில் தடைப் பலகைகள் அகற்றப்பட, எஞ்சியோர் ஊர் திரும்பினர். வதை தாளாமல் மறுதலித்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். அவர்களுள் பலர் ஊர் வந்ததும் மறுபடியும் திருச்சபையில் சேர்ந்துகொண்டார்கள். வீழ்ந்தவர் எழுவதற்கு வழி உண்டு என்பது அந்த ஊரில் யாருக்கும் புதிய பாடமன்று. 1880இல் அவர்கள் கோவிலுக்காக வாங்கிய இடம், தங்கள் முன்னோர் ஆண்டுதோறும் பலகையை மிதித்த ஊர்த்தலைவரின் மனை.

அந்த மனையில் பல்லாண்டு உழைப்பில் எழுந்து 1914இல் நிறைவுற்ற செங்கற் பேராலயத்துக்குச் சுமார் 500 மீட்டர் தொலைவில்தான் 1945 ஆகஸ்ட் 9ஆம் நாள் அணுகுண்டு வெடித்தது. மாதாவின் பரலோக ஆரோபணத் திருநாளை ஒட்டிப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் காத்திருந்தவர்களும் மாண்டனர். அந்தப் பங்கின் 12,000 கத்தோலிக்கர்களில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்ததாகக் கணக்கு. உரகாமியின் பழைய நாட்காட்டித் தலைவர் குடும்பத்தில் வந்த மனைவியைக் குண்டுவெடிப்பில் இழந்த கதிரியல் மருத்துவர் தகாஷி நாகாய், அவ்வாண்டு நவம்பரில் இறந்தோருக்கான திருப்பலியில், இச்சாவுகள் உலகப் போரின் பாவத்துக்காகக் கடவுள் ஏற்ற தகனபலி என்று பேசினார். எரிந்த ஊரின் துயரத்துக்கு அது அர்த்தம் தந்தது. ஆனால் குண்டு போட்டவரின் பொறுப்பையும் போரைத் தொடங்கியவரின் பொறுப்பையும் அது மறைத்துவிடுகிறது என்ற பிற்காலக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. 1981இல் ஹிரோஷிமாவுக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் போரை மனிதரின் செயல் என்று வெளிப்படையாகக் கூறியது, அதுவரை வாய்மூடியிருந்த கத்தோலிக்கர் சிலரைப் பேசவைத்தது. பஸ்தியானின் மக்கள் துன்பத்துக்குக் காரணம் தேடியதாகத் தெரியவில்லை. மன்னிப்புக்கு வழி தேடினார்கள். நாகாயின் விளக்கத்தைவிட அவர்களுடைய மௌனம் இறையியலுக்கு நெருக்கமானது.

1865க்குப் பின் எல்லோரும் திருச்சபைக்குத் திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும். முன்னோரின் நினைவுப் பலகைகளையும் பழைய உருவங்களையும் விட்டுவிடும்படி குருக்கள் கேட்டபோது, பெரும் பகுதியினர் மறுத்துத் தங்கள் வழக்கத்திலேயே நின்றுவிட்டனர். எந்த முன்னோரின் உறுதியால் தாங்கள் நின்றார்களோ அந்த முன்னோரைக் கைவிட்டு அடையும் மோட்சம் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்களின் கடைசி வலுவான இருப்பிடமான இகிட்சுகியில், அலமாரிகளில் மறைத்த திருவுருவங்களின் முன்னே ஒராஷியோ ஓதும் குழுக்கள் 20ஆம் நூற்றாண்டு நெடுகச் செயல்பட்டன. மனப்பாடமாக நெடுநேரம் ஓதக்கூடிய இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்து, தங்கள் உருவங்களைத் தீவின் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து வருகின்றன. நாகசாகிப் பகுதியின் மறைவுக் கிறிஸ்தவத் தலங்கள் என்ற பெயரில் யுனெஸ்கோ 2018இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த 12 இடங்களில், ஹாரா கோட்டையும் ஓவுராக் கோவிலும் கோட்டோ தீவுகளின் சிற்றூர்களும் உண்டு, இகிட்சுகி இல்லை.